வெளிநாட்டுப் பேரிடர்களில் குழந்தைகளுக்கு ராணுவ மருத்துவர்கள் சிகிச்சை அளிப்பது உண்மையில் எப்படி நடக்கிறது?

தாமிரபரணி:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் குழந்தை மருத்துவ மேற்படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறாள். படிப்பு முடிந்ததும் ராணுவ மருத்துவப் பிரிவில் குறுகிய காலப் பணிக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்கிறாள். 2023 பிப்ரவரியில் துருக்கியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது நம் ராணுவம் அங்கே கள மருத்துவமனை அமைத்ததும், அங்கு பணியாற்றிய பெண் அதிகாரியை ஒரு துருக்கிப் பெண்மணி கட்டியணைத்த படம் நாடெங்கும் பரவியதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து அவள் மனத்தில் இது ஊறிவிட்டது.

அவளைத் தடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் இரண்டு ஐயங்கள் உள்ளன. போரில் காயம்பட்ட வீரர்களுக்காக உருவான ஓர் அமைப்பில் குழந்தை மருத்துவருக்கு என்ன வேலை இருக்கும் என்பது முதலாவது. இரண்டாவது, என் மைத்துனர் கிளப்பிவிட்டது: "சீருடைக்காரர் கொடுக்கும் மருந்து படம் பிடிக்கத்தான், பத்து நாள் இருந்துவிட்டுக் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்?" என்கிறார். பதில் சொல்லத் தெரியாமல் இங்கே கேட்கிறேன். வாட்ஸ்அப்பில் வரும் பெருமைப் பதிவுகள் எனக்கு வேண்டாம். விவரம் அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முன்னாள் ஹவில்தார்:

ஐயா, நான் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவன். துருக்கிக்குச் சென்ற அணியில் நான் இல்லை. ஆனால் கள மருத்துவமனைக் கூடாரங்களை அடிப்பதும் பிரிப்பதும் பல ஆண்டுகள் என் வேலையாக இருந்தன.

2023 பிப்ரவரி 6 அன்று 7.8 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. ஆக்ராவில் உள்ள 60ஆவது பாராசூட் கள மருத்துவமனையைச் சேர்ந்த 99 பேர் உடனே விமானப்படையின் சி-17 விமானங்களில் புறப்பட்டு, ஹதாய் மாகாணத்தில் இஸ்கெந்தெருன் நகரில் 30 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையை அமைத்தார்கள். அந்த ஊர் அரசு மருத்துவமனையின் ஒரு கட்டடமே இடிந்து கிடந்த நேரம் அது. அறுவை அரங்கு, எக்ஸ்ரே, வென்டிலேட்டர், ஆய்வகம், ஆக்சிஜன் தயாரிக்கும் கருவி என எல்லாம் இவர்களோடு சென்றன. இரண்டு வாரத்துக்கும் குறைவான காலத்தில் 3,500க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றதாக ராணுவம் அறிவித்தது. இந்த வேகம் ராணுவத்துக்கு ஏன் கைவருகிறது என்றால், பெட்டிகள் எப்போதும் கட்டிவைத்தபடியே இருக்கும், விமானம் சொந்தம், மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் உள்ளூர்க்காரர்களை நம்பி நிற்க வேண்டியதில்லை.

இது அந்தப் படைப்பிரிவுக்குப் புதிதும் இல்லை. 1950 நவம்பரில் கொரியப் போருக்கு இந்தியா துப்பாக்கிப் படையை அனுப்பாமல், அன்று 60ஆவது பாராசூட் கள ஆம்புலன்ஸ் என்று அழைக்கப்பட்ட இதே பிரிவைத்தான் அனுப்பியது. அதன் தலைவர் ஆற்காட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். 1951 மார்ச்சில் முன்சான் பகுதியில் அமெரிக்க பாராசூட் படையோடு அவரும் சிறு குழு ஒன்றும் குதித்தது பலருக்குத் தெரியும். அவருக்கு மகாவீர் சக்கரமும் கிடைத்தது. அதே காலத்தில் பிரிவின் இன்னொரு பாதி தேகு நகரில் தங்கி, கொரியப் பொதுமக்களுக்கும் மருத்துவம் பார்த்து, உள்ளூர் மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சியும் கொடுத்ததைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அந்தப் பாதிதான் பெரிதாகத் தெரிகிறது.

உங்கள் முதல் ஐயத்துக்கு வருகிறேன். நிலநடுக்கப் பகுதியில் முதல் சில நாள்கள் எலும்பு முறிவும் நசுங்கிய காயங்களும்தான் வரும். நான்கைந்து நாளில் வரிசை மாறிவிடும். குளிரில் கூடாரத்தில் படுத்த பிள்ளைகள் இருமலோடும் காய்ச்சலோடும் வருவார்கள். தண்ணீர் கெட்ட இடங்களில் வயிற்றுப்போக்கு சேர்ந்துகொள்ளும். அந்தக் கட்டத்தில் எலும்பு மருத்துவரைவிடக் குழந்தை மருத்துவருக்குத்தான் வேலை அதிகம்.

ராணுவப் பெட்டிகளோ அடிப்படையில் இருபது, முப்பது வயது ஆண்களை மனத்தில் வைத்துக் கட்டப்படுபவை. நீர்ச்சத்து வற்றிய இரண்டு வயதுக் குழந்தைக்கு நரம்பு கிடைப்பதே பெரிய காரியம். வீரனுக்குப் போடும் பச்சை வென்ஃப்ளான் (டிரிப் ஏற்ற ரத்தக்குழாயில் செருகும் சிறு குழாய்) அங்கே உதவாது. 24ஆம் எண் மஞ்சள் வென்ஃப்ளான் வேண்டும், அதை நடுங்காமல் ஏற்றப் பழகிய கை வேண்டும். பெரியவர்களுக்கான டிரிப் செட்டில் ஏறத்தாழ 20 துளி விழுந்தால் ஒரு மில்லி. குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் 60 துளி. செட் மாறிப்போனால் மருந்தின் அளவே மாறிப்போகும். எடைக்கருவி கைக்கு எட்டாவிட்டால் வயதோடு நான்கைக் கூட்டி இரண்டால் பெருக்கி, நான்கு வயதுப் பிள்ளை சுமார் 16 கிலோ என்று கணக்குப் போட்டுத்தான் மருந்தைத் தொடுவோம். இதையெல்லாம் மூச்சுவிடுவதுபோல் செய்யக்கூடிய ஒரு மருத்துவர் கூடாரத்தில் இருந்தால் எங்களைப் போன்றவர்களுக்குப் பாதி பயம் போய்விடும்.

வடமராட்சி:

மேலே எழுதிய ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆயினும் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள் என்ற வகையில் இந்தக் கேள்வியை வேறொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டியிருக்கிறது.

1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். அமைதி காக்கும் படை என்ற பெயரில் வந்திருந்த இந்திய இராணுவம் யாழ். போதனா வைத்தியசாலைக்குள் நுழைந்து சுட்டதில் நோயாளர்களும் ஊழியர்களுமாக அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் 21 பேர் வைத்தியசாலைப் பணியாளர்கள். மறுநாட் காலை, தாதியரை வெளியே அழைத்துச் செல்வதற்காகக் கைகளை உயர்த்திக்கொண்டு வந்த வைத்தியர் சிவபாதசுந்தரமும் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் குழந்தை நல நிபுணர். உள்ளேயிருந்து புலிகள் சுட்டதால் எழுந்த மோதல் அது என்பது இராணுவத்தின் விளக்கம். எங்கள் ஊரில் அதை ஏற்றுக்கொண்டவர்களை நான் சந்தித்ததில்லை.

பழைய கணக்கைத் தீர்ப்பதற்காக இதை எழுதவில்லை. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அடித்தபோது இந்தியக் கடற்படைக் கப்பல்கள் மிக விரைவாகத் திருகோணமலைக்கும் காலிக்கும் வந்தன; அவற்றுள் கடலை அளக்கும் அளவைக் கப்பலாக இருந்து வைத்தியசாலைக் கப்பலாக மாற்றப்பட்ட ஜமுனாவும் ஒன்று. கரையோர மக்கள் அந்த உதவியைத் தயங்காமல் பெற்றுக்கொண்டார்கள். 2025 இறுதியில் டித்வா புயலுக்குப் பின்னர் மகியங்கனையில் இந்திய இராணுவம் கள வைத்தியசாலை அமைத்தபோதும் அங்கே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் சென்றார்கள். நாடும் அதே நாடு, சீருடையும் ஏறத்தாழ அதே சீருடை. 1987இல் அந்த இராணுவம் போரில் ஒரு தரப்பாக நின்றது. 2004இலும் 2025இலும் அப்படி நிற்கவில்லை. ஒரு தாய்க்கு இந்த வேறுபாடு தெரியாமல் போவதில்லை. பிள்ளைக்கு எவ்வளவு காய்ச்சல் இருந்தாலும், முந்தின கிழமை தன் வீட்டைச் சோதனையிட்ட சீருடையிடம் அவள் பிள்ளையைக் கொடுக்கமாட்டாள். கொடுத்தாலும், மற்றத் தரப்பு அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று அஞ்சிக்கொண்டுதான் கொடுப்பாள்.

ஆகவே, உங்கள் மகள் தேர்ந்தெடுக்கும் வேலையில் எந்த நாட்டுக்கு, எந்தச் சூழ்நிலையில் அனுப்பப்படுவேன் என்பதை அவர் தீர்மானிக்க முடியாது. இதை அவர் நன்றாக யோசித்துப் பார்க்கட்டும்.

களப்பணியாளர்:

சகோதரி சொன்னது சர்வதேச அளவிலும் ஏற்கப்பட்ட கருத்துதான். 1994இல் உருவாகிப் பின்னர் திருத்தப்பட்ட ஒஸ்லோ வழிகாட்டுதல்கள், பேரிடர் நிவாரணத்தில் வெளிநாட்டு ராணுவத்தைப் பயன்படுத்துவது பற்றிப் பேசுபவை. பாதிக்கப்பட்ட நாடு கேட்டாலோ சம்மதித்தாலோதான் செல்ல வேண்டும், அதே வேலையைச் செய்யக்கூடிய சிவிலியன் அமைப்பு இல்லாதபோதுதான் ராணுவத்தை நாட வேண்டும் என்பது அவற்றின் சாரம். துருக்கி இந்த வரையறைக்குள் அடங்கும். ஆப்கானிஸ்தான் அடங்கவில்லை.

2001 இறுதியில் அமெரிக்க விமானங்கள் ஆப்கன் மக்களுக்காக மஞ்சள் உறையிட்ட உணவுப் பொட்டலங்களை வீசின. அதே மாதங்களில் அதே நாட்டில் வீசப்பட்ட கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறிய, வெடிக்காமல் கிடந்த சிறு குண்டுகளும் மஞ்சள் நிறம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று அமெரிக்கத் தரப்பே வானொலியில் எச்சரித்து, பிறகு பொட்டலத்தின் நிறத்தை மாற்றுவதாக அறிவித்தது. வானொலியைக் கேட்டு நிறம் பிரித்தறியும் வயதா அந்தப் பிள்ளைகளுக்கு? 2004 செப்டம்பர் 30 அன்று பாக்தாதில் ஒரு கழிவுநீர் நிலையத் திறப்பு விழாவில் அமெரிக்க வீரர்கள் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிக் குழந்தைகள் கூடியிருந்தபோது குண்டுகள் வெடித்து, முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். குண்டு வைத்தவர்களின் கொடுமை அது, சந்தேகமில்லை. ஆனாலும் போர்க்களத்தில் இலக்காக இருக்கும் ஒரு வீரனின் அருகே பிள்ளைகளைக் கூட்டுவதே அவர்களை ஆபத்தில் நிறுத்துவதாகும் என்று உதவி அமைப்புகள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன.

மைத்துனரின் கேள்விக்கு வருவோம். படத்துக்காக என்று அவர் சொல்வதை நான் முழுவதும் ஒதுக்கமாட்டேன். எல்லா நாட்டு ராணுவங்களும் படம் எடுக்கின்றன, கட்டுப்போட்ட குழந்தையின் முகத்தை யாரிடம் அனுமதி கேட்டு வெளியிட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அவர் சொன்னதில் கனமான பகுதி, பிறகு யார் பார்ப்பார்கள் என்பதுதான். ஹெய்ட்டியில் 2010 ஜனவரி 12 அன்று நிலநடுக்கம். அமெரிக்கக் கடற்படையின் கம்ஃபர்ட் மருத்துவமனைக் கப்பல் 20ஆம் தேதி வந்துசேர்ந்தது. நூற்றுக்கணக்கான அறுவைகள் நடந்தன. ஆனால் அறுவை முடிந்த நோயாளியைக் கரையில் எங்கே இறக்கிவிடுவது என்பது பெருந்தலைவலியானது, ஏனென்றால் இறக்கிவிடும் இடத்தில் மருத்துவமனையும் இல்லை, பலருக்கு வீடும் இல்லை. கால் எடுக்கப்பட்ட பெரியவருக்கு ஒரு செயற்கைக் கால் சில ஆண்டுகள் வரும். வளரும் பிள்ளைக்கு அதை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சுமையை எந்தக் கப்பலும் ஏற்றுக்கொண்டு வருவதில்லை.

தாமிரபரணி:

மூவருக்கும் மிக்க நன்றி. மகளிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். வடமராட்சியார் எழுதியதைப் படித்தபின் வெகுநேரம் அவள் பேசவில்லை. பிறகு, பேரிடருக்கு அழைப்பின் பேரில் செல்லும் பணியை மட்டும் வைத்து ஒன்று கேட்கச் சொன்னாள். ஒரு பிள்ளைக்குக் கையில் மாவுக்கட்டுப் போட்டால் அதை வெட்டி எடுக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முகாமோ இரண்டு வாரத்தில் முடிகிறது. அந்த இடைவெளியை நடைமுறையில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

முன்னாள் ஹவில்தார்:

நல்ல கேள்வி ஐயா. 2013இல் உலக சுகாதார நிறுவனம் வெளிநாட்டு மருத்துவ அணிகளுக்குக் குறைந்தபட்சத் தரங்களை வகுத்தது. அறுவை செய்யும் அணி என்றால் 20 உள்நோயாளிப் படுக்கையாவது இருக்க வேண்டும், நாளொன்றுக்கு 7 பெரிய அறுவைகளையாவது செய்ய முடிய வேண்டும், மூன்று வாரமாவது தங்க வேண்டும், சிகிச்சைக் குறிப்பின் பிரதியை நோயாளியிடமே கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அது சொல்கிறது. தங்கும் காலத்தில் இஸ்கெந்தெருன் முகாம் அந்த அளவை எட்டவில்லை. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் துருக்கியில் நாடு முழுவதும் மருத்துவமனைகள் இருக்கின்றன, நிலநடுக்கப் பகுதிக்கு வெளியே அவை இயங்கிக்கொண்டும் இருந்தன. அங்கே கட்டு வெட்ட ஆள் கிடைப்பார். மியான்மரில் 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு மாண்டலேயில் நம் ராணுவம் 118 பேருடன் மருத்துவமனை அமைத்தபோது நிலைமை அப்படியில்லை. அங்கே உள்நாட்டுப் போரும் நடந்துகொண்டிருந்தது.

நாங்கள் பழகிய முறை இதுதான்: கட்டின் மேலேயே மார்க்கர் பேனாவால் தேதியையும், எலும்பு முறிந்த இடத்தைச் சிறு கோட்டுப்படமாகவும், எடுக்க வேண்டிய நாளையும் எழுதிவிடுவோம். தாள் தொலைந்துவிடும், கட்டு கையை விட்டுப் போகாது. மொழி தெரியாத மருத்துவருக்கும் படம் புரியும். கூடாரம் அடிக்கும்போதே உள்ளூர் மருத்துவமனைக்குப் பக்கத்தில் அடித்துவிட்டால் போகும்போது ஒப்படைப்பது எளிது. பிள்ளைக்கு இரும்புக் கம்பி வைத்துச் செய்யும் பெரிய சிகிச்சையை, பின்னால் பார்க்க ஆள் உண்டு என்று தெரியாமல் தொடங்காமல் இருப்பதும் மருத்துவரின் திறமைதான்.

கடைசியாக, மகள் மனத்தில் கொள்ள வேண்டியது. குறுகிய காலப் பணி 5 ஆண்டு, விரும்பினால் மேலும் 9 ஆண்டு நீட்டிப்பார்கள். அதில் பெரும்பகுதி ராணுவ மருத்துவமனை ஒன்றில் வீரர்களின் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி, ஆஸ்துமா, பச்சிளங்குழந்தை வார்டு என்றுதான் போகும். வெளிநாட்டுப் பேரிடர்ப் பணி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஐ.நா. அமைதிப்படை மருத்துவமனைகள் இன்னொரு வழி. காங்கோவின் கோமாவில் நம்மவர்கள் நீண்ட காலம் நடத்தியது அப்படிப்பட்டது. ஆனால் அங்கே முதல் உரிமை படையினருக்கு. இடமும் மருந்தும் இருந்தால்தான் உள்ளூர்ப் பிள்ளைகளைச் சேர்க்க முடியும். இது தெரிந்தும் விருப்பம் குறையவில்லை என்றால் தாராளமாக விண்ணப்பிக்கட்டும். நேர்காணலில் துருக்கிப் படத்தைப் பற்றிப் பேசுவதைவிட, முகாமில் குழந்தைகளுக்கென்று எந்தெந்தப் பொருள்கள் கூடுதலாகத் தேவை என்று ஒரு பட்டியலை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.