திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போன பையனைத் திருப்பி அனுப்பல. கேஸ் மதுரையிலயா, தேனியிலயா?

மாடக்குளம் டெய்லர்:

வணக்கம். எனக்கு 29 வயசு. மாடக்குளத்துல வீட்டிலேயே தையல். பையனுக்கு வர்ற டிசம்பர்ல 5 வயசு முடியுது. நானும் வீட்டுக்காரரும் ஒன்றரை வருஷமா தனித்தனியா இருக்கோம். டைவர்ஸ் கேஸ் ரெண்டு பேரும் போடல. பையன் பொறந்ததுல இருந்து மதுரையிலதான், என்கூடத்தான். அவர் ஊர் சின்னமனூர் பக்கம். மாசம் ஒரு தடவை வருவார், பையனை வெளிய கூட்டிட்டுப் போய் சாயங்காலம் கொண்டாந்து விட்டுருவார். அதுல நான் ஒரு நாளும் தகராறு பண்ணினது இல்ல.

மே மாசம் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா வந்துச்சு. "அம்மா அக்கினிச்சட்டி எடுக்குது, பேரன் பக்கத்துல நிக்கணும்னு ஆசைப்படுது, நாலே நாள்"னு கேட்டார். சாமி விஷயம், மறுக்க மனசு வரல. பையனுக்கு வீசிங் உண்டு. அதனால மருந்து, ஆஸ்பத்திரிச் சீட்டு, தடுப்பூசி அட்டை எல்லாம் ஒரே பையில போட்டு நானே குடுத்துவிட்டேன். நாலு நாள் பத்து நாளாச்சு, அப்புறம் போனை எடுக்கல. மே மாசம் கோர்ட் லீவுன்னு சொன்னாங்க, சரி மனசு மாறி விட்டுருவார்னு நானும் இருந்துட்டேன். ஜூன் முதல் வாரம் நாத்தனார்கிட்ட இருந்து வாய்ஸ் மெசேஜ்: "இங்கேயே எல்கேஜி சேர்த்தாச்சு. அஞ்சு வயசு வரைக்கும்தான் தாய்க்கு. டிசம்பருக்கு அப்புறம் தகப்பனுக்குத்தான்னு வக்கீலே சொல்லிட்டார்."

ஆரப்பாளையத்துல பஸ் ஏறிப் போனேன். கிரில் கேட்டைத் திறக்கல. உள்ள இருந்து பார்த்தான். மொட்டை போட்டிருந்தாங்க, எனக்குச் சொல்லவே இல்ல. "அம்மா, மிஷினுக்கு எண்ணெய் விட்டியா"ன்னு கேட்டான். வீட்டுல அது அவன் வேலை. அதுக்குள்ள கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போய்ட்டாங்க.

மகளிர் ஸ்டேஷன்ல "அப்பா கூட்டிட்டுப் போனா கடத்தல் ஆகாதும்மா, கோர்ட்டுக்குப் போ"ன்னு சொல்லி, புகாரைப் பதிஞ்சதுக்கு அடையாளமா சிஎஸ்ஆர் ரசீது மட்டும் குடுத்தாங்க. ஒரு வக்கீல் முன்பணமே 40,000 கேட்டார். இன்னொருத்தர், பையன் இப்ப எங்க இருக்கானோ அந்த ஜில்லாவுலதான் போடணும், தேனிக்குப் போங்கன்னார். ஸ்கூல் யூனிஃபார்ம் சீசன், 60 செட் தைக்கக் கிடக்கு. தேனிக்கும் மதுரைக்கும் அலைஞ்சா அதுவும் போச்சு. கேஸ் எங்க போடணும்? பணம் இல்லாம முடியுமா? டிசம்பர் விஷயம் நெசமா? பையனைக் கூண்டுல ஏத்திக் கேப்பாங்களா?

பழைய குமாஸ்தா:

தங்கச்சி, நான் வக்கீல் இல்ல. வக்கீல் ஆபீஸ்ல 26 வருஷம் கட்டு தூக்கினவன். எனக்குத் தெரிஞ்ச நடைமுறையைச் சொல்றேன்.

தேனிக்குப் போகச் சொன்னது தப்பு. 1890-ல வெள்ளைக்காரன் போட்ட கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம்தான் இன்னைக்கும் இந்த மாதிரி மனுவுக்கு. அதுல 9-வது பிரிவு, பிள்ளை சாதாரணமா எங்க குடியிருக்கோ அந்த எல்லைக்குள்ள இருக்கிற கோர்ட்டுன்னு சொல்லுது. இன்னைக்கு ராத்திரி எந்த வீட்டுல தூங்குதுங்கிறது கணக்கு இல்ல. நாலரை வருஷம் மதுரையில வளர்ந்த பிள்ளையை நாலு நாள்னு சொல்லிக் கூட்டிட்டுப் போய் வச்சுக்கிட்டு, "இனி இவனுக்கு ஊர் சின்னமனூர்"னா எடுபடுறது கஷ்டம். ஆனா ஒண்ணு, எதிர்க்கட்சி வக்கீல் முதல் வாய்தாவுலயே இதைத்தான் கிளப்புவார். அதுக்கு வாயால பதில் சொல்லிப் பிரயோஜனம் இல்ல, காகிதம் வேணும். பால்வாடிக்கு அனுப்பியிருந்தா வருகைப் பதிவேட்டு நகல், ப்ளே ஸ்கூல்னா பீஸ் ரசீது, வீசிங்குக்குக் காட்டின டாக்டர் சீட்டு, தடுப்பூசி அட்டை. அந்த சிஎஸ்ஆர் ரசீதைத் தூக்கிப் போட்டுறாத. என்னைக்கு நீ புகார் குடுத்தேங்கிறதுக்கு அதுதான் சாட்சி. நாத்தனார் வாய்ஸ் மெசேஜையும் அழிக்காத, கோபத்துல நிறைய பேர் அழிச்சிடுறாங்க. தாமதம் மட்டும் பண்ணாத. ஒவ்வொரு மாசமும் அந்த ஸ்கூல்ல அவங்க பக்கம் ஒரு ரெக்கார்டு ஏறிக்கிட்டே இருக்கு.

பணத்துக்கு வர்றேன். 1987-ல வந்த சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், 12-வது பிரிவு. பொம்பளைங்களுக்கு இலவச வக்கீல் உண்டு, வருமானக் கணக்கே கேட்கக் கூடாது. ஆம்பளைன்னாதான் பொதுவா வருமான வரம்பு பார்ப்பாங்க. அண்ணா பஸ் ஸ்டாண்டுல இறங்கினா ஜில்லா கோர்ட் பக்கம்தான். உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு எங்கன்னு கேளு, யாரும் காட்டுவாங்க. வெள்ளைத்தாள்ல நடந்ததை ஒரு பக்கம் எழுது, ஆதார் நகல் வை, போதும். 15100-க்கு போன் போட்டும் கேட்கலாம். ஒளிக்காம சொல்றேன், இலவச வக்கீல்ல உயிரைக் குடுத்து நடத்துறவங்களும் உண்டு, வாய்தா வாங்குறதோட சரின்னு இருக்கிறவங்களும் உண்டு. ரெண்டாவது ஆள் கிடைச்சா மாத்திக் குடுங்கன்னு எழுதிக் குடு, அது உன் உரிமை. "டைப்பிங் செலவு"ன்னு யாராவது கை நீட்டினா நேரா செயலாளர்கிட்ட போ. அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கிறவரே ஒரு நீதிபதிதான்.

ரெண்டாம் சனி:

நான் எதிர்த்தரப்பு. அதாவது பொண்ணு அம்மாகிட்ட இருக்கா, நான் போய்ப் பார்க்கிற அப்பா. கோயம்புத்தூர். உங்க வீட்டுக்காரர் செஞ்சது தப்பு, அதுல பேச்சே இல்ல.

நான் பட்டதைச் சொல்றேன், உங்களுக்கு உதவும். எனக்கு முதல்ல கிடைச்ச உத்தரவுல ஒரே ஒரு வரி: மாதம் இருமுறை பார்க்கலாம். எந்த ரெண்டு நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்துல, யார் கூட்டிட்டு வரணும், ஒண்ணுமே இல்ல. எட்டு மாசம் அந்த ஒத்தை வரியிலேயே சண்டை. ஒரு தடவை காய்ச்சல், ஒரு தடவை பரீட்சை, ஒரு தடவை சித்தி வீட்டுக் கிரகப்பிரவேசம். உத்தரவை மீறிட்டாங்கன்னும் சொல்ல முடியல, ஏன்னா மீறுறதுக்கு அதுல என்ன இருக்கு? அப்புறம் திருத்தம் கேட்டு மனு போட்டு வாங்கினேன். ரெண்டாம், நாலாம் சனிக்கிழமை, 10 மணிக்கு வாங்கி 4 மணிக்கு விடணும். முதல் மூணு மாசம் கோர்ட் வளாகத்துக்குள்ளயே. அந்த ரூம்ல ஒரு சக்கரம் இல்லாத பொம்மை லாரி கிடக்கும், என் பொண்ணு அதைப் படுக்க வச்சு ஆஸ்பத்திரி விளையாட்டு விளையாடுவா. அதுக்கப்புறம் வெளிய. உடம்பு சரியில்லைன்னா அடுத்த சனிக்கு மாறும். புதன்கிழமை ராத்திரி 7 மணிக்கு வீடியோ கால். இந்த போன் விஷயத்துல 2020-ல யஷிதா சாஹு வழக்குல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு, பிள்ளை கூட இல்லாத பெத்தவங்களுக்கு முடிஞ்ச வரைக்கும் தினம் 5, 10 நிமிஷம் பேச வழி வேணும்னு.

அதனால உங்க மனுவிலேயே, பையன் உங்ககிட்ட வந்த பிறகு அவங்க அப்பா எப்ப, எங்க பார்க்கலாம்னு நீங்களே எழுதிக் குடுங்க.

மாடக்குளம் டெய்லர்:

குமாஸ்தா அண்ணே, ரொம்ப நன்றி. தடுப்பூசி அட்டையும் டாக்டர் சீட்டும் அந்தப் பையோட அங்கதான் மாட்டிக்கிச்சு. இப்ப நினைச்சா என் தலையில நானே அடிச்சுக்கணும் போல இருக்கு.

ரெண்டாம் சனி அண்ணே, படிச்சதும் கோபம்தான் வந்துச்சு. மாசா மாசம் பார்க்க விட்டதுக்குத்தானே எனக்கு இந்தப் பலன். இன்னும் நானே எழுதி வேற குடுக்கணுமா?

ரெண்டாம் சனி:

எழுதாம விட்டதுக்குத்தான் இந்தப் பலன், தங்கச்சி.

மேலூர் ரோடு வக்கீலம்மா:

அவர் சொல்வது சரி. அப்பாவைப் பார்க்கவே விடமாட்டேன் என்கிற மனுவையும், ஞாயிறு 10 மணிக்கு வந்து கூட்டிப் போகட்டும் என்கிற மனுவையும் நீதிபதி ஒரே மாதிரி படிக்கமாட்டார்.

டிசம்பர் பயத்தை விடுங்கள். 1956-ஆம் வருடத்து இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தில் 6-ஆம் பிரிவு, 5 வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. 5 முடிந்தால் தகப்பனுக்கு என்று அந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி எந்த வயதிலும் பிள்ளையின் நலன்தான் முதலில். உங்கள் நாத்தனார் சொன்ன கதையைக் கட்சிக்காரர்கள் வாயால் வாரம் ஒரு தடவையாவது கேட்கிறேன். ஆனாலும் டிசம்பருக்கு முன் போட்டுவிடுங்கள். இடைக்கால உத்தரவு கேட்கும்போது 6-ஆம் பிரிவு உங்களுக்குப் பெரிய பலம்.

விவாகரத்து வழக்கு இல்லாததால் குடும்ப நீதிமன்றத்தில் தனியாக ஜி.டபிள்யூ.ஓ.பி., அதாவது குமாஸ்தா சொன்ன கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டப்படியான மூல மனு, போட வேண்டும். அது முடிய வருடங்கள் ஆகலாம். அதனால் கூடவே ஒரு ஐ.ஏ. (இடைக்கால மனு), அதே 1890 சட்டத்தின் 12-ஆம் பிரிவில், பிள்ளையை நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தவும் இடைக்காலமாக உங்களிடம் ஒப்படைக்கவும். இப்போதைக்கு உங்கள் வழக்கே அந்த ஐ.ஏ.தான். ஆஜர்படுத்தாவிட்டால் அந்தச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் அபராதம் 100 ரூபாய், பிறகு நாளுக்கு 10 ரூபாய், எல்லாம் சேர்ந்து 500-க்கு மேல் போகக் கூடாது. 1890-இல் வைத்த தொகை, சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதே பிரிவில், பிள்ளையைக் கொண்டுவருகிறேன் என்று உறுதி கொடுக்கும் வரை சிவில் சிறையில் வைக்கலாம் என்றும் இருக்கிறது. அதைச் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு (ஆளை நேரில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்பது) போடச் சொல்லி யாராவது வருவார்கள். முடியாது என்றில்லை. ஆனால் தகப்பனும் சட்டப்படி காப்பாளர் என்பதால் குடும்ப நீதிமன்றத்துக்கே போகச் சொல்ல வாய்ப்பு அதிகம். எடுத்த எடுப்பில் அங்கே செலவழிக்காதீர்கள். அடி, உதை, மிரட்டல் இருந்திருந்தால் அதையும் உங்கள் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள். குடும்ப வன்முறைச் சட்டம் 21-ஆம் பிரிவிலும் தற்காலிகமாகப் பிள்ளையைக் கேட்கலாம்.

கூண்டெல்லாம் கிடையாது. நீதிபதி தன் அறையில் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசிப் பார்க்கலாம். நாலரை வயதுப் பிள்ளை சொல்வதை மட்டும் வைத்துத் தீர்மானிக்கமாட்டார்கள். நீங்களும் எதையும் சொல்லிக்கொடுத்துக் கூட்டிப் போகாதீர்கள், இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தப் பள்ளிக்கூட வாசலில் போய் நின்று தூக்கிக்கொண்டு வரும் யோசனை இருந்தால், வேண்டவே வேண்டாம்.

தடுப்பூசி அட்டை போனால் போகட்டும். உங்கள் பகுதி சுகாதார செவிலியரிடம் பதிவு இருக்கும். கர்ப்பமாக இருந்தபோது பதிவு செய்து கொடுத்த பிக்மி எண்ணைத் தேடிக் கொண்டுபோங்கள்.

மாடக்குளம் டெய்லர்:

மூணு வாரம் கழிச்சு வர்றேன். யூனிஃபார்ம் எல்லாம் தைச்சுக் குடுத்து முடிச்சாச்சு.

பிக்மி எண் பழைய டைரியில இருந்துச்சு. நர்ஸம்மா பதிவேட்டைப் பார்த்து, எந்தத் தேதியில என்ன ஊசின்னு எழுதி சீல் போட்டுக் குடுத்தாங்க. எல்லாமே இங்க மதுரையில போட்டது. பால்வாடி டீச்சர் வருகைப் பதிவேட்டு நகல் குடுத்தாங்க. ஆணைக்குழுவுல ஒரு வக்கீலக்காவைப் போட்டுக் குடுத்திருக்காங்க, சின்ன வயசு, ஆனா போன் பண்ணினா எடுக்குறாங்க. நயா பைசா யாரும் கேட்கல. மனு நம்பர் ஆகிடுச்சு, அவருக்கு நோட்டீஸ் போயிருக்கு. வர்ற 15-ம் தேதி வாய்தா.

ரெண்டாம் சனி அண்ணே, நீங்க சொன்னபடியே எழுதினோம். முதல், மூணாம் ஞாயிறு 10 மணிக்கு எங்க வீட்டு வாசல்ல வாங்கிக்கணும், 5 மணிக்கு அங்கேயே விடணும். வீரபாண்டித் திருவிழாவுக்கு ரெண்டு நாள், பாட்டி ஆசைப்பட்டா. மருந்துப் பை கூடவே போய் கூடவே வரணும்னும் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன், அக்கா சிரிச்சுக்கிட்டே எழுதினாங்க. அட்டை மட்டும் இனிமே ஒரிஜினல் போகாது, ஜெராக்ஸ்தான்.