ஃப்ரீபிஎஸ்டி 14.2: ஸ்டார்ட்எக்ஸ் அடித்தால் "நோ ஸ்க்ரீன்ஸ் ஃபவுண்ட்"

செங்கழுநீர்:

8-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப், யுஎச்டி 620 கிராஃபிக்ஸ், 8 ஜிபி ரேம், யுஇஎஃப்ஐ பூட், ரூட் ஃபைல் சிஸ்டம் இசட்எஃப்எஸ். பழைய பென்டிரைவில் இருந்த இமேஜிலிருந்து ஃப்ரீபிஎஸ்டி (யூனிக்ஸ் வகை இயங்குதளம்) 14.2 போட்டு, எக்ஸ்ஆர்க் (திரையில் படம் காட்டும் அடித்தளம்), எக்ஸ்எஃப்சிஇ (டெஸ்க்டாப்), டிஆர்எம்-கேமாட் (கிராஃபிக்ஸ் டிரைவர் மாட்யூல்கள்) மூன்றையும் பிகேஜி (பேக்கேஜ் நிறுவும் கருவி) வழியாக ஏற்றியிருக்கிறேன். பூட் ஆகும்போது படிக்கப்படும் லோடர்.கான்ஃபில், இன்டெல் டிரைவர் மாட்யூலை ஏற்றும் ஐ915கேஎம்எஸ்_லோட்="யெஸ்" வரியும் இருக்கிறது. டெஸ்க்டாப்பைத் தொடங்க ஸ்டார்ட்எக்ஸ் கொடுத்தால் "நோ ஸ்க்ரீன்ஸ் ஃபவுண்ட்" என்று நின்றுவிடுகிறது. மாட்யூலைக் கையால் ஏற்ற கேஎல்டிலோட் செய்து பார்த்தால் டிமெசேஜில் (கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, தரும் செய்திகளில்) வருவது இது:

"கேஎல்டி ஐ915கேஎம்எஸ்.கேஓ: டிபெண்ட்ஸ் ஆன் கெர்னல் - நாட் அவைலபிள் ஆர் வெர்ஷன் மிஸ்மேட்ச்"

எக்ஸ்ஆர்க்.கான்ஃபில் டிரைவர் "இன்டெல்" என்று எழுதியும் மாற்றம் இல்லை. எங்கே பார்க்க வேண்டும்?

கருங்கல்:

எக்ஸ்ஆர்க்கை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், கோளாறு அதற்குக் கீழே இருக்கிறது. உங்கள் கெர்னல் 14.2-உடையது, மாட்யூல் 14.3-க்காகக் கட்டப்பட்டது. 14.2-இன் ஆதரவுக் காலம் 2025 செப்டம்பரோடு முடிந்தது. அதன் பிறகு 14 கிளைக்கான பேக்கேஜ்களை 14.3-இல்தான் கட்டத் தொடங்கினார்கள். சாதாரண நிரல்கள் பெரும்பாலும் ஓடிவிடும். கெர்னல் மாட்யூல் அப்படி இல்லை: தான் கட்டப்பட்ட கெர்னலைவிடப் பழையதில் ஏறவே ஏறாது. புதிய கெர்னலில் பழைய மாட்யூல் என்றால் ஏறும், ஆனால் சிம்பல் இல்லை என்று முரண்டு பிடிக்கலாம், பேனிக்கும் (கெர்னல் முழுதாக நின்றுபோவது) ஆகலாம். அது இன்னும் மோசம்.

சரிபார்க்க "யூநேம் -கே" (கே பெரிய எழுத்து) அடியுங்கள், 1402000 என்று வரும். "பிகேஜி இன்ஃபோ" பட்டியலில் டிஆர்எம்-61-கேமாட் (டிஆர்எம்-கேமாட் கூடவே கொண்டுவந்தது) வரியைப் பாருங்கள், பதிப்பெண்ணுக்குள் 1403000 ஒட்டிக்கொண்டிருக்கும். பேக்கேஜ் போடும்போதே "ரன்னிங் யூசர்லேண்ட்: 1402000, இக்னோர் த மிஸ்மேட்ச்?" என்று பிகேஜி கேட்டிருக்கும். அங்கே ஒய் அடித்துத் தாண்டினால் வந்து நிற்கிற இடம் இதுதான்.

வழி: முதலில் லோடர்.கான்ஃப் வரியை எடுத்துவிடுங்கள். "ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் அப்கிரேட் -ஆர் 14.3-ரிலீஸ்", பிறகு "ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் இன்ஸ்டால்", ரீபூட், மறுபடியும் அதே இன்ஸ்டால். முதல் தடவை கெர்னல் மட்டும் மாறும், யூசர்லேண்ட் (கெர்னல் அல்லாத மற்ற அடிப்படை நிரல்கள்) இரண்டாவதில்தான், அதனால் பாதியில் விட்டுவிடாதீர்கள். இசட்எஃப்எஸ் என்பதால் அப்டேட் தானே ஒரு பூட் என்விரான்மென்ட் (இப்போதைய நிலையின் நகல்) எடுத்து வைக்கும், சொதப்பினால் பூட் மெனுவிலிருந்து பழையதற்குத் திரும்பலாம். கடைசியாக "பிகேஜி அப்டேட் -எஃப்", "பிகேஜி இன்ஸ்டால் -எஃப் டிஆர்எம்-61-கேமாட்".

14.2-இலேயே இருந்து போர்ட்ஸில் (சோர்ஸிலிருந்து நிரல் கட்டும் தொகுப்பில்) கட்டவும் முடியும், /யுஎஸ்ஆர்/எஸ்ஆர்சி-இல் 14.2 சோர்ஸ் வேண்டும். ஆதரவு முடிந்த வெளியீட்டுக்கு இந்த மெனக்கெடல் வீண்.

நெய்தல்நிலம்:

மேலே சொன்னது சரி. அதோடு மாட்யூலை லோடர்.கான்ஃபில் திரும்பப் போடாதீர்கள். லோடர் ஓடும்போது ரூட் ஃபைல் சிஸ்டம் மவுன்ட் ஆகியிருக்காது, டிரைவர் தேடும் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்ற வேண்டிய நிரல்) அங்கே கிடைக்காது. ரூட் மவுன்ட் ஆன பிறகு படிக்கப்படும் ஆர்சி.கான்ஃபில்தான் வர வேண்டும்:

"சிஸ்ஆர்சி கேஎல்டி_லிஸ்ட்+=ஐ915கேஎம்எஸ்"

இதில் இன்னொரு வசதியும் உண்டு. திரை கறுத்து நின்றுபோனால் பூட் மெனுவில் சிங்கிள் யூசரைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஆர்சி.கான்ஃப் படிக்கப்படாது, மாட்யூலும் ஏறாது. "மவுன்ட் -யு /" கொடுத்து அந்த வரியை நீக்கிவிட்டு வெளியே வந்துவிடலாம்.

எக்ஸ்ஆர்க்.கான்ஃபை முழுதாக அழியுங்கள். மாட்யூல் ஏறிவிட்டால் எக்ஸ்ஆர்க் தானாகவே மோட்செட்டிங் டிரைவரை எடுத்துக்கொள்ளும். டிரைவர் "இன்டெல்" என்று நீங்கள் எழுதிவைத்தால் அந்தப் பேக்கேஜ் இருக்கிறதோ இல்லையோ அதைத்தான் தேடும்.

மாட்யூல் ஏறியதற்கு அடையாளம்: திரை ஒரு முறை சிமிட்டும், /டெவ்/டிஆர்ஐ/கார்டு0 தோன்றும். அது இல்லாமல் ஸ்டார்ட்எக்ஸ் பக்கம் போவதில் பயன் இல்லை.

பிறகு டிபஸ் (நிரல்கள் தங்களுக்குள் பேச உதவும் சேவை): "சிஸ்ஆர்சி டிபஸ்_எனேபிள்=யெஸ்", "சர்வீஸ் டிபஸ் ஸ்டார்ட்". ஹோமில் .எக்ஸ்இனிட்ஆர்சி கோப்பில் ஒரே வரி: "எக்ஸெக் ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4". டிபஸ் ஓடாவிட்டால் எக்ஸ்எஃப்சிஇ அமைப்புகளைப் படிக்க முடியாமல் எரர் பெட்டியைக் காட்டும், பேனல் அரைகுறையாக வரும்.

செங்கழுநீர்:

14.3-க்கு ஏற்றியாயிற்று, எண்கள் பொருந்துகின்றன, கார்டு0 இருக்கிறது, எக்ஸ்எஃப்சிஇ வந்துவிட்டது. இருவருக்கும் நன்றி. ஆனால் விண்டோவை இழுத்தால் தடுமாறுகிறது, வீடியோ ஓடினால் சிபியு 100 சதவீதம். கிராஃபிக்ஸ் விவரம் காட்டும் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ -பி-இல் "எல்எல்விஎம்பைப்" என்று வருகிறது. ரூட்டாக ஓட்டினால் சரியாக இருக்கிறது.

கருங்கல்:

கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. /டெவ்/டிஆர்ஐ-க்குக் கீழுள்ளவை ரூட்டுக்கும் வீடியோ குழுவுக்கும் மட்டுமே திறக்கும். உங்கள் கணக்கு அந்தக் குழுவில் இல்லை, அதனால் மெசா (கிராஃபிக்ஸ் வரையும் நூலகம்) சிபியுவை வைத்தே படம் வரைகிறது, "எல்எல்விஎம்பைப்" என்பது அதுதான். "பிடபிள்யூ குரூப்மாட் வீடியோ -எம் உங்கள்பெயர்" கொடுத்துவிட்டு முழுதாக லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். புது டெர்மினல் திறப்பது போதாது, ஏற்கெனவே ஓடும் செஷனுக்குப் புதிய குழு தெரியாது. சரியானால் அதே இடத்தில் "மெசா இன்டெல் யுஎச்டி கிராஃபிக்ஸ் 620" என்று வரும்.

டிமெசேஜில் டிஎம்சி ஃபர்ம்வேர் ஏறவில்லை என்று வந்தால், வேண்டிய ஃபர்ம்வேரைத் தேடிப் போடும் "எஃப்டபிள்யூகெட்" ஒரு முறை ஓட்டுங்கள். அது இல்லாமலும் திரை வரும், மின்சிக்கனம் மட்டும் போய்விடும். பேட்டரி சீக்கிரம் தீரும்.

நெய்தல்நிலம்:

தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ-எக்ஸ்ட்ரா எழுத்துருக்களைப் போட்டு "எஃப்சி-கேஷ் -எஃப்". தட்டச்சுக்கு எக்ஸ்கேபி-யிலேயே (எக்ஸ்ஆர்க்கின் விசைப்பலகை அமைப்பு) தமிழ்நெட்99 அமைப்பு உண்டு, ஆனால் அதற்கு ஒரு விசைக்கு ஒரு குறி என்பதுதான் தெரியும். "அம்மா" அடிக்கும்போது முதல் ம-வுக்குத் தானாகப் புள்ளி விழாது, நீங்களே வைக்க வேண்டும். தானாக விழ வேண்டுமென்றால் ஐபஸ்-எம்17என் என்ற உள்ளீட்டுப் பேக்கேஜ் போட்டு அதில் தமிழ்99 எடுங்கள். .எக்ஸ்இனிட்ஆர்சியில் எக்ஸெக் வரிக்கு மேலே ஜிடிகே_ஐஎம்_மாட்யூல், க்யூடி_ஐஎம்_மாட்யூல் இரண்டையும் ஐபஸ் என்று எக்ஸ்போர்ட் செய்து, எக்ஸ்மாடிஃபையர்ஸ் "@ஐஎம்=ஐபஸ்" கொடுத்து, ஐபஸ்-டீமனைத் தொடங்குங்கள். எக்ஸெக்குக்குக் கீழே எழுதும் எதுவும் ஓடாது.