என்.ஆர்.ஓ.டி.சி.: முதல் வருடம் தாங்குமா?

கேள்வி: மகளுக்கு அமெரிக்கக் கடற்படையின் என்.ஆர்.ஓ.டி.சி. (கல்லூரியில் படித்துக்கொண்டே கடற்படை அதிகாரியாகப் பயிற்சி பெறும் திட்டம்) நான்கு வருட உதவித்தொகை கிடைத்திருக்கிறது. பொறியியலோடு பயிற்சியையும் சமாளிப்பாளா?

பதில்: அக்கா, நான் மூன்றாம் வருடம். விடியற்காலை ஓட்டம், அப்புறம் எட்டு மணிக்குக் கால்குலஸ். கண் சொக்கினால் எழுந்து பின்சுவரோரம் நின்றுகொள்வேன். சீருடை நாளுக்கு முந்தின இரவு பெல்ட் பக்கிளைத் தேய்ப்பது, சட்டையில் தொங்கும் நூலை லைட்டரால் பொசுக்குவது என்று தனி வேலை இருக்கிறது. (ஒருமுறை காலரையே பொசுக்கிவிட்டேன்.) நீந்தத் தெரியுமா அவளுக்கு? தேர்வு உண்டு.

இன்னொரு பதில்: பிடிக்காவிட்டால் முதல் வருடத்துக்குள் விலகலாம், பணம் திருப்ப வேண்டாம். இரண்டாம் வருடம் தொடங்கிவிட்டால் கதை வேறு. முடித்தால் கடற்படையில் குறைந்தது 5 வருடப் பணி.

கேட்டவர்: நீச்சல்தான் உதைக்கிறது தம்பி. குளத்தில் இடுப்பளவுக்கு மேல் இறங்கமாட்டாள்!