பவனியாக நடப்பதும் வழிபாடா?

நரிமேட்டுக்காரி:
நான் சிஎஸ்ஐ (புராட்டஸ்டன்ட் சபை), கணவர் ஆர்.சி. (கத்தோலிக்கர்). கல்யாணமாகி இது முதல் வருஷம். எங்கள் சபையில் குருத்தோலை ஞாயிறன்று மட்டும்தான் பவனி போவோம், இங்கே திருவிருந்து அப்பத்தை ஏந்திப் போகும் நற்கருணை பவனி, திருவிழா சப்பரம் என்று ஒன்றுமாற்றி ஒன்று வருகிறது. போன வாரம் மாமியாரோடு சப்பரத்தின் பின்னால் இரண்டு மணி நேரம் நடந்தேன். மெழுகு விரலில் உருகி ஒட்டிக்கொண்டது, மனசு நிறைந்துதான் இருந்தது. ஆனால் அர்த்தம் பிடிபடவில்லை. மீனாட்சி கோயில் சித்திரைத் தேரைப் பார்த்து வந்த பழக்கம் என்கிறான் என் அண்ணன். வேதத்தில் இதற்கு இடம் உண்டா?

கீழவெளிவீதி:
உண்டு சகோதரி. 2 சாமுவேல் 6இல் உடன்படிக்கைப் பேழைக்கு முன்னால் தாவீது ஆடிக்கொண்டே போகிறார். நெகேமியா 12ஐயும் படியுங்கள், எருசலேம் மதில்மேல் இரண்டு பாடகர் குழுக்கள் எதிரெதிராக நடந்து கோயிலில் வந்து சேரும். மதுரையில் எங்கள் மரியன்னை பேராலயம் இருக்கும் வெளி வீதியே பழைய கோட்டை மதில் நின்ற வரிசைதான், அதனால் அந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பவனி ஞாபகம் வரும்.
அப்புறம் குருத்தோலை பவனி. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் எருசலேமுக்குப் போன எகேரியா என்ற பெண், ஒலிவ மலையிலிருந்து ஆயரோடு ஊரே கிளைகளை ஏந்தி இறங்கியதை எழுதியிருக்கிறார். நடக்கத் தெரியாத பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, சனங்கள் களைத்துவிடக் கூடாதென்று மெதுவாக நடந்தார்களாம். சப்பரத்தின் அலங்காரத்தில் நம்ம ஊர்ச் சாயல் இருப்பது நிஜம், அதில் தப்பில்லை. நடக்கும் வழக்கம் அதைவிடப் பழசு.

பாடற்குழு_அண்ணன்:
எந்தத் திசையில் போகிறோம் என்று கவனியுங்கள். பூசைத் தொடக்கத்தில் வாசலிலிருந்து பீடத்துக்குப் போகிறோம், நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க வரிசையில் போவதும் பவனிதான். நற்கருணை பவனி பீடத்திலிருந்து தெருவுக்கு இறங்குகிறது. அந்தப் பவனி நடக்கும் நற்கருணைத் திருவிழாவை 1264இல் திருத்தந்தை நான்காம் உர்பான் திருச்சபை முழுமைக்கும் ஏற்படுத்தினார். ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் ஒருமுறை வந்து பாருங்கள், இருட்டுக் கோயிலுக்குள் ஒற்றை மெழுகுதிரிக்குப் பின்னால் நடக்கும்போது விளக்கமே தேவைப்படாது.

மேலூர்ப்பக்கம்:
என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து கோயிலுக்குப் போவது நின்றுவிட்டது. திருவிழா இரவு வாசற்படியில் நாற்காலி போட்டு, சப்பரத்துக்குக் காணிக்கையாகப் போட உப்பையும் மிளகையும் மடியில் வைத்துக்கொண்டு ஏழு மணிக்கே உட்கார்ந்துவிடுவார். சப்பரம் எங்கள் தெருவுக்கு வர பதினொன்றாகும். தூக்குகிற பையன்கள் எங்கள் வாசலில் மட்டும் முட்டியை மடக்கித் தோளை இறக்குவார்கள், அம்மாவின் கை எட்ட வேண்டும் என்பதற்காக.