அம்மாயியோட கூறைப்பட்டுல பூஞ்சணம் – தண்ணியில போடலாமா?

ஹட்டன் தங்கச்சி:
எல்லாருக்கும் வணக்கம், அவசரமா ஒரு உதவி வேணும். எங்க அம்மாயி கல்யாணத்துக்கு கட்டின காஞ்சிபுரம் பட்டு, தலைமன்னார் கப்பல்ல வந்ததாம், 60 வருசத்துக்கு மேல இருக்கும். அரக்கு கலர் உடம்பு, பச்சை பார்டர். தகரப்பெட்டியில இருந்து எடுத்து பாத்தா மடிப்பு மேல வெள்ளை வெள்ளையா பூஞ்சணம், ஒரே முக்கின வாசம், ஜரிகையும் கறுத்துப் போய் இருக்கு. ஆவணியில தம்பி கல்யாணம், அதுக்கு கட்டணும்னு ரொம்ப ஆசை. இங்க மழையும் விட்ட பாடில்ல. வீட்டுலயே அலசலாமா?

தலவாக்கலை தம்பி:
கொஞ்சம் சவக்காரத் தூள் போட்டு ஊற வச்சு நல்லா வெயில்ல போடுங்க அக்கா, வாசம் போயிரும்.

பண்டாரவளை அக்கா:
ஐயோ தம்பி, பட்டுக்கு அது வேணவே வேணாம். பட்டு புரதம்பா, நம்ம தலைமுடி மாதிரி. சலவைத் தூள்ல இருக்கிற காரம் நூலை அரிக்கும், குளோரின் பட்டா நூலே கரைஞ்சு போகும், நேர் வெயில்ல கலரும் போகும் நூலும் இத்துப்போகும்.

தங்கச்சி, தண்ணியப் பத்தி இப்ப யோசிக்காதீங்க. முதல்ல சேலைய விரிச்சு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா மடிப்புக் கோட்டை பிடிச்சு பாருங்க, ஊசி குத்தின மாதிரி புள்ளி புள்ளியா வெளிச்சம் தெரிஞ்சா அந்த இடத்துல நூல் செத்துப்போச்சுன்னு அர்த்தம். பட்டு நனைஞ்சா இன்னும் பலம் குறையும், ஜரிகை பாரம் வேற, ஈரத்தோட தூக்கினீங்கன்னா மடிப்போட கிழிஞ்சு வந்துரும். அடுத்தது கலர். வெள்ளைப் பருத்தித் துணிய நனைச்சு புழிஞ்சு, உள்பக்க ஓரத்துல உடம்புல ஒரு இடம் பார்டர்ல ஒரு இடம் ரெண்டு நிமிசம் அழுத்துங்க. துணியில கலர் ஏறினா தண்ணி பக்கமே போகக்கூடாது, அரக்கு பச்சைக்குள்ள இறங்கினா திருப்பி எடுக்க வழியே இல்ல.

ஹட்டன் தங்கச்சி:
அக்கா பாத்தேன், மடிப்புல ரெண்டு இடத்துல புள்ளி தெரியுது, துணியிலயும் லேசா சிவப்பு ஏறிருச்சு 😢 அப்ப பூஞ்சணத்த என்ன செய்றது?

பண்டாரவளை அக்கா:
கவலப்படாதீங்க, காய வச்சே நிறைய எடுக்கலாம். பூஞ்சணம் ஈரமா இருக்கும்போது கை வைக்காதீங்க, நூலுக்குள்ள அப்பிக்கும். நல்லா காத்தோட்டமான நிழல்ல, கயித்துல தொங்கப் போடாம கட்டில்ல பழைய பெட்ஷீட் மேல விரிச்சு காயப் போடுங்க. காஞ்சதும் வெளிய எடுத்துட்டுப் போய் மூக்கை துணியால கட்டிக்கிட்டு, மெல்லிசான பிரஷ்ஷால நூல் ஓடுற பக்கமா தட்டி விடுங்க. வாசமும் காத்துலயே மெல்ல மெல்ல இறங்கும்.

ஹட்டன் பக்கம் மழை கொட்டுற இந்த மாசங்கள்ல எங்க ஊவாப் பக்கம் கச்சான் காத்து காஞ்சு அடிக்கும், இங்க சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா கொஞ்ச நாளைக்கு குடுத்து வைங்க, அதைவிட நல்ல வைத்தியம் இல்ல.

ஜரிகைய எலுமிச்சம்பழம் பற்பசைன்னு எதுவும் போட்டு தேய்க்காதீங்க. அசல்னா வெள்ளிக் கம்பி மேல தங்கம் பூசினது, தேய்ச்சா அந்தப் பூச்சுதான் முதல்ல போகும். கறுத்தது கறுத்ததாவே இருக்கட்டும்.

ஹட்டன் தங்கச்சி:
பதுளையில சின்னம்மா இருக்காங்க, அனுப்பிடுறேன். கல்யாணத்துக்கு கட்டலாமா அக்கா?

பண்டாரவளை அக்கா:
கொசுவம் வச்சு பின் குத்தி இழுத்துக் கட்டினா அந்த ரெண்டு இடமும் போயிரும் தங்கச்சி, எனக்கு மனசு கேக்கல. காஞ்சு வந்ததும் மடிப்பு கிழியாம பாத்து, முகூர்த்த நேரம் மட்டும் தோள்ல போர்த்திக்கோங்க. சென்ட் எல்லாம் முன்னாலயே அடிச்சிருங்க, சேலை மேல படக்கூடாது. திரும்ப தகரப்பெட்டியில மட்டும் வைக்காதீங்க, பழைய வெள்ளை வேட்டியில சுத்தி அலுமாரியில மேல் தட்டுல வைங்க, பூச்சி உருண்டை ஜரிகையில படவே கூடாது. மழைக்காலம் முடிய ஒருக்கா எடுத்து மடிப்பை மாத்தி மடிங்க, பழைய கோட்டுலயே மடிக்காதீங்க.