நீர்க்குளிர்ப்பா, நீர்த்தணிப்பா, ஆற்றா? வேன் என்ஜின் பாடத்துக்கு ஒரு சொல் வேண்டும்

சூரமங்கலம், மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ஒரு பாடம், ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேனிலிருந்து காற்றால் சூடு தணியும் பழைய என்ஜினை இறக்கிவிட்டு, தண்ணீர் ஓடும் சுபாரு இ.ஜே. 22 என்ஜினை ஏற்றுவது பற்றியது. நாற்பது இடங்களில் இந்த இரண்டு வகைக்கும் பெயர் வருகிறது. ‘காற்றுக் குளிர்விப்பு எந்திரம்’, ‘நீர்க் குளிர்விப்பு எந்திரம்’ என்று போட்டிருக்கிறேன். வரைவைப் பார்த்த மாணவர் “ஏசி வைத்த எந்திரமா?” என்கிறார். ரேடியேட்டருக்கு ‘கதிர்வீசி’ எழுதியிருக்கிறேன், அதிலும் திருப்தியில்லை. குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும் வேலைக்குப் பெயரே கிடைக்கவில்லை. உதவுங்கள்.

அம்மாபேட்டை, தமிழாசிரியர் (ஓய்வு):

மாணவர் கேட்டதில் பிழையில்லை. குளிர்பதனம், குளிர்சாதனம், குளிர்பானம் எல்லாம் கையைச் சில்லிடச் செய்பவை. ஓடும் பொறியில் நீர் 90 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைக் குளிர் என்றால் விரல் வெந்துபோகும். ‘தணி’ இருக்கிறதே! சூடு தணிகிறது, சூட்டைத் தணிக்கிறது. தன்வினைக்கும் பிறவினைக்கும் பகுதி ஒன்றே. ‘குளிர்’ அப்படியன்று, ‘வி’ ஒட்டி ‘குளிர்வி’ ஆக்கவேண்டும். ஆகவே வளித்தணிப்புப் பொறி, நீர்த்தணிப்புப் பொறி. உருபும் பயனும் உடன்தொக்க தொகை, ஒற்று மிகும்.

இங்கே ஒரு சுவை. தண், தண்மை, தணி, தண்ணீர் எல்லாம் ஒரு குடும்பம். முருகன் சினம் தணிந்த இடம் தணிகை. ஆனால் ‘தணல்’ என்பது நெருப்பு! சுடர் தணிந்தபின் எஞ்சும் கங்கு என்பதால் வந்த பெயர் என்பது என் துணிபு. கனல், அனல் என்பவற்றோடு இதைச் சேர்த்தெண்ணுவோர் உண்டு, நான் ஏற்பதில்லை. விரிவாக நாளை எழுதுகிறேன்.

அடிவாரம், பட்டறை:

ஐயா வணக்கங்க. தணல் இருக்கட்டுங்க. ‘நீர்த்தணிப்பு’ன்னு போட்டா பசங்க ‘நீர்த்தணிக்கை’ன்னு படிப்பாங்க, கணக்குப் பாக்க ஆள் வந்திருக்குன்னு நெனைப்பாங்க. பட்டறையில ஏர் கூல்டு, வாட்டர் கூல்டு, அவ்வளவுதான்.

பேரு எது வேணா வைங்க, பாடத்துல ஒரு எடம் விட்டுப்போச்சு. சுபாருல தெர்மோஸ்டாட், அதாவது சூடு ஏறினாத் தெறந்து தண்ணியை உடற வால்வு, இருக்கறது தண்ணி என்ஜினுக்குள்ள வர்ற பக்கம், பம்ப்புக்குக் கீழ. 78 டிகிரி வாக்குல தெறக்கும். தெறக்கணும்னா சுடுதண்ணி அதைத் தொடணும். அந்தச் சுடுதண்ணியைக் கொண்டுவர்றது வண்டிக்குள்ள சூடு குடுக்கற ஹீட்டரோட லைன். சேலத்துல ஹீட்டர் எதுக்குன்னு ரெண்டு முனையையும் அடைச்சுட்டா, தெர்மோஸ்டாட்டுக்கு ரேடியேட்டர்ல நிக்கற பச்சத்தண்ணிதான் தெரியும். மூடியே கெடக்கும். பின்னாடி என்ஜின் கொதிக்கும், முன்னாடி ரேடியேட்டரத் தொட்டா ஜில்லுன்னு இருக்கும். ஹெட் கேஸ்கெட், அதான் என்ஜின் தலைக்கு அடியில இருக்கற அடைப்புத் தகடு, போறது இப்பிடித்தான். ஹீட்டர் வேண்டாம்னா ரெண்டு முனையையும் ஒரு ஹோஸ் போட்டுச் சேத்து உடுங்க, அடைக்காதீங்க. இதைப் பெரிய எழுத்துல போடுங்க.

கன்னங்குறிச்சி, இயந்திரவியல் விரிவுரையாளர்:

அண்ணன் சொன்ன தெர்மோஸ்டாட் விஷயம் கட்டாயம் சேர வேண்டும். சொல்லுக்கு வருகிறேன். அடுப்படியில் புழங்கும் வினை ஒன்றை எல்லாரும் மறந்துவிட்டோம்: ஆற்று. டீயை ஆற்றுகிறோம். இரண்டு டம்ளருக்கு நடுவே நீட்டி ஊற்றும்போது பரப்பு கூடுகிறது, காற்றுப் படுகிறது, சூடு இறங்குகிறது. ரேடியேட்டர் செய்வதும் அதேதான்: நீரைத் தட்டையான சிறு குழாய்களில் பிரித்துவிட்டு, இடையிடையே மடித்த தகடுகளால் பரப்பைக் கூட்டி, காற்றில் காட்டுகிறது. வெப்பம் பெரும்பாலும் ஓடும் காற்றோடுதான் போகிறது. கதிர்வீச்சின் பங்கு சொற்பம். ஆங்கிலப் பெயரில் உள்ள பிழையைக் ‘கதிர்வீசி’ என்று நாம் ஏன் சுமக்க வேண்டும்? ‘ஆற்றி’ போதும்.

இன்னொன்று. கடைசியில் எல்லா என்ஜினும் காற்றில்தான் ஆறுகிறது. நீர் சூட்டைச் சுமந்துபோகும் கூலியாள் மட்டுமே. பழைய ஃபோக்ஸ்வேகனிலும் விசிறிக் காற்றோடு எண்ணெயும் சூட்டில் ஒரு பங்கைச் சுமக்கிறது. அதற்கென்று ஆயில் கூலர் உண்டு.

ஆத்தூர்:

அப்படியானால் வளியாற்றுப் பொறி, நீராற்றுப் பொறி. முடிந்தது! விரிவுரையாளர் அம்மா அவர்களே ‘என்ஜின்’ என்று எழுதுவதுதான் வருத்தம். ஜெர்மானியரைப் பாருங்கள். 1979இல் வந்த மூன்றாம் தலைமுறை வேனில் முதலில் காற்று வகைப் பொறி. 1982இல் 1.9 லிட்டர் நீர் வகை வந்ததும் தம் மொழியிலேயே ‘வாசர்பாக்சர்’ என்றார்கள். வாசர் என்றால் நீர். எதிரெதிரே கிடக்கும் பிஸ்டன்கள் குத்துச்சண்டைக்காரரின் கைகளைப்போல் சேர்ந்து விரிந்து சேர்ந்து மடங்குவதால் பாக்சர். நாம் ‘நீர்மல்லன்’ எனலாம்.

அம்மாபேட்டை, தமிழாசிரியர் (ஓய்வு):

மல்லன் கட்டிப் புரள்பவன். குத்துபவன் அல்லன்.

சூரமங்கலம், மொழிபெயர்ப்பாளர்:

‘நீராற்றுப் பொறி’யை இரண்டு பேரிடம் படிக்கச் சொன்னேன். ஒருவருக்கு ஆறு, நதி. மற்றவருக்கு நீராற்றல், அதாவது மேட்டூர் அணையடியில் சுற்றும் டர்பைன். சேலம் மாவட்டத்தில் இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது. ‘ஆற்றி’ தனியே நின்றால் குழப்பமில்லை. அதை ரேடியேட்டருக்கு எடுத்துக்கொள்கிறேன். காற்று வெளியேற்றுவதற்கு யாராவது சொல்லுங்கள். ஆங்கிலத்தின் ‘பிளீடிங்’கை அப்படியே பெயர்த்தால் ரத்தம் வடிகிறது.

அடிவாரம், பட்டறை:

‘காத்து எடுக்கறது.’ எல்லாரும் அப்பிடித்தான் சொல்றோம். செய்யற வெதமும் எழுதிக்கங்க. ரேடியேட்டர் முன்னாடி, என்ஜின் பின்னாடி. நடுவுல போக மூணு மீட்டர், வர மூணு மீட்டர், 38 மில்லிமீட்டர் குழாய். குழாய்ல மட்டும் ஆறு லிட்டர்கிட்ட நிக்கும். மொத்தம் 16, 17 லிட்டர் புடிக்கும். பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணி ஊத்தினா உப்புப் படிஞ்சு ரேடியேட்டர் அடைச்சுக்கும். இரும்புக் குழாய் துருப்புடிக்கும், 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்க. முனையில விளிம்பு எழுப்பலைன்னா கிளிப் போட்டாலும் ஹோஸ் கழண்டுக்கும்.

வண்டி மூக்கை ஜாக்கி போட்டு 40 சென்டிமீட்டர் தூக்கி ஸ்டாண்டு வைங்க. காத்து மேல ஏறி ரேடியேட்டர் உச்சிக்கு வரும். அங்க இருக்கற ஸ்குருவைத் தளத்தி, என்ஜினை நிமிசத்துக்கு 2000 சுத்துல வெச்சு, பின்னாடி தொட்டியில ஊத்திக்கிட்டே இருக்கணும். கொமிழி இல்லாம ஒரே தாரையா வந்தாத்தான் ஸ்குருவை முடுக்கணும். மறுநாள் ஆறினப்பறம் அளவு பாத்து மறுபடி ஊத்துங்க. கொஞ்சம் காத்து நின்னாலும் ஏற்காடு ஏறும்போது காட்டிக் குடுத்துரும். 20 கொண்டை ஊசி, ரெண்டாவது கியர், எதுர்காத்து கெடயாது. ஃபேன் மட்டுந்தான்.

கன்னங்குறிச்சி, இயந்திரவியல் விரிவுரையாளர்:

உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்காடு சுமார் 1500 மீட்டர். திறந்த பாத்திரத்தில் நீர் அங்கே 95 டிகிரியிலேயே கொதிக்கும். 0.9 பார் அழுத்த மூடி சரியாகப் பிடித்தால் வெறும் நீரே 115 வரை தாங்கும். மூடியின் ரப்பர் போனால் இந்த வாய்ப்பு போயிற்று.

ஆத்தூர்:

‘காத்து எடுக்கறது’ கலைச்சொல்லா? ‘வளியகற்றல்’ எனலாமே.

அடிவாரம், பட்டறை:

வளின்னா பசங்க வலின்னு எழுதுவாங்க. வலி போக்கறதுக்குத் தைலம் இருக்குதுங்க.

சூரமங்கலம், மொழிபெயர்ப்பாளர்:

ஞாயிறு இரவு ஆகிவிட்டது. தலைப்புகளில் ‘காற்றுக்குளிர் என்ஜின்’, ‘நீர்க்குளிர் என்ஜின்’. முதல் பக்கத்தில் மட்டும் ‘காற்றால் ஆறும்’, ‘நீரால் ஆறும்’ என்று ஒரு வரி விளக்கம். ‘ஆற்றி’, பக்கத்தில் அடைப்புக்குள் ரேடியேட்டர். ‘காற்றெடுத்தல்’. மூன்று பேர் சரி என்றார்கள். அதிலும் இரண்டு பேர் “எப்படியோ முடியுங்கள்” என்றுதான் எழுதினார்கள். ஹீட்டர் முனை எச்சரிக்கை கட்டம் கட்டி வருகிறது.

ஆத்தூர்:

‘என்ஜின்’ இருக்கும்வரை என் பெயரை நன்றிப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

அம்மாபேட்டை, தமிழாசிரியர் (ஓய்வு):

90 டிகிரியைக் குளிர் என்று அச்சிடுகிறீர்கள். சரி. ‘நீர்க்குளிர்’ என்பதில் க் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அச்சகத்தார் எடுத்துவிடுவார்கள். தணல் பற்றிய மடல் பாதி எழுதியாயிற்று, நாளை வரும்.