கல்லடியில் முதல் வீடு: வங்கிக் கடனுக்கு முன்னர் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி (மட்டக்களப்பிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். நான் ஆசிரியராகப் பணிபுரிகின்றேன். மனைவி தனியார் நிறுவனமொன்றில் கணக்குப் பிரிவில் இருக்கின்றார். திருமணமான நாள் முதல் வாடகை வீட்டில் இருந்துவரும் எங்களுக்கு, கல்லடியில் கடற்கரைக்குச் சற்றுக் கிட்டவாக 10 பேர்ச் வளவுடன் ஒரு வீடு 75 இலட்சம் ரூபாவுக்கு வந்திருக்கின்றது. கையில் 25 இலட்சம் உண்டு. மீதி 50 இலட்சத்துக்கு வங்கிக் கடன் எடுக்க எண்ணுகின்றோம். எங்கள் வழக்கப்படி உறுதியை (காணிப் பத்திரத்தை) மனைவியின் பெயரில் முடிப்பதே விருப்பம்.

விற்பவர் கனடாவில் இருக்கின்றார். அது அவருக்குத் தாயார் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு; தாயார் இன்றும் அங்கேதான் வசிக்கின்றார். இந்தக் கிழமைக்குள் 5 இலட்சம் முற்பணம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளும்படி தரகர் வற்புறுத்துகின்றார். கடன் கிடைக்குமா என்று தெரியாமல் கொடுக்கலாமா? செங்கலடிப் பக்கம், அரசு அனுமதிப்பத்திரத்தில் வழங்கிய காணியில் விலை குறைந்த இன்னொரு வீடும் உண்டு. அதை வாங்குவது நல்லதா? அனுபவமுள்ளவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1 (களுவாஞ்சிகுடி, வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்)

தம்பி, முற்பணத்தை இப்போது கொடுக்க வேண்டாம். எங்கள் பகுதியில் கடன் விண்ணப்பங்கள் இழுபடுவது பெரும்பாலும் சம்பளத்தினால் அல்ல, காணியின் பத்திரங்களினால்தான் என்பதை நான் வேலையிலிருந்த காலம் முழுவதும் கண்டிருக்கின்றேன்.

முதலில் சீதன உறுதியின் பிரதியைக் கேட்டு வாங்கி வரிக்கு வரி வாசியுங்கள். தாய் மகளுக்கு வீட்டை எழுதும்போது, தன் சீவிய காலம் வரை அதை அனுபவிக்கும் உரித்தைத் தனக்கே வைத்துக்கொள்வதாக ஒரு வாசகம் சேர்ப்பது இங்கே மிகச் சாதாரணம். அந்தச் சீவிய உரித்து நிற்கும்வரை மகள் மட்டும் கையொப்பமிட்டால் முழு உரித்தும் உங்களிடம் வராது. வங்கியும் ஈடாக ஏற்காது. தாயாரும் விற்பனை உறுதியில் சேர்ந்து ஒப்பமிட வேண்டும், அல்லது அந்த உரித்தை முன்கூட்டியே உறுதி மூலம் கைவிட வேண்டும். அந்த அம்மா அதன் பின்னர் எங்கே இருக்கப் போகின்றார் என்பதையும் நேரில் கேட்டறியுங்கள். வயதான ஒருவர் மனம் ஒப்பாமல் வெளியேறும் வீடு உங்களுக்கு வேண்டாம். மகளுக்காக இங்கே வேறொருவர் ஒப்பமிடுவதாயின், அவருக்கு மகள் கொடுத்த அற்றோணித் தத்துவம் (சார்பாக ஒப்பமிடும் அதிகாரப் பத்திரம்) பதிவு செய்யப்பட்டதா, இந்தக் காணியை விற்கும் அதிகாரம் அதில் தெளிவாக இருக்கின்றதா என்று உங்கள் நொத்தாரிசு பார்க்க வேண்டும்.

அடுத்தது, காணிப் பதிவகத்தில் 30 ஆண்டு கால உரித்துத் தேடல். இடப்பெயர்வில் மூல உறுதி தொலைந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். நொத்தாரிசு பதிவகத்துக்கு அனுப்பிய இரண்டாம் பிரதியிலிருந்து சான்றுப்படுத்திய பிரதி பெற முடியும் என்பதால், அதற்காக மட்டும் மனம் தளர வேண்டியதில்லை. நில அளவைப் படம், மாநகர சபை அங்கீகரித்த கட்டட வரைபடம், வீதிக் கோட்டுச் சான்றிதழ் (வீதி விரிவாக்க எல்லைக்குள் காணி வருகின்றதா என்று காட்டுவது) ஆகியவற்றையும் வங்கி கேட்கும்.

தரகரின் பற்றுச்சீட்டை நம்ப வேண்டாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியை விற்பதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்பட்டால்தான் வலுப்பெறும். வங்கி கடனை மறுத்தால் முற்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்ற நிபந்தனையோடு அப்படியோர் உடன்படிக்கை எழுதி, அதன் பின்னரே பணம் கொடுங்கள்.

செங்கலடிக் காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டதாயின், பிரதேச செயலாளரின் முன்அனுமதியில்லாமல் அதைக் கைமாற்ற முடியாது. அனுமதியின்றி எழுதும் உறுதி வெற்றுத்தாள்தான். முதல் வீடு வாங்கும் உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பதில் 2 (அக்கரைப்பற்று)

ஐயா பத்திரங்களைப் பற்றி முழுமையாகச் சொல்லிவிட்டார். நான் தவணையைப் பற்றிச் சொல்கின்றேன். 50 இலட்சத்தை 12 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 55,050 ரூபா. முதல் மாதத்தில் அதில் 50,000 ரூபா வட்டிக்கே போகும். கடனின் முதல் தொகையில் கழிவது ஐயாயிரம் சொச்சம் மட்டுமே. அதே கடனை 15 ஆண்டுகளில் முடித்தால் தவணை ஏறத்தாழ 60,000 ரூபாதான். மாதம் ஐயாயிரம் கூடுதலாகக் கட்டுவதால் மொத்தத்தில் 24 இலட்சம் அளவில் மிச்சமாகின்றது.

மாறும் வட்டி என்றால் மிகுந்த கவனம் தேவை. 2023 மார்ச்சில் மத்திய வங்கி ஏனைய வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வீதமான துணைநில் கடன்வசதி வீதம் 16.5 சதவீதத்துக்கு ஏறியபோது, மாறும் வட்டியில் வீடு வாங்கியிருந்த குடும்பங்கள் பட்ட பாட்டை எல்லோரும் அறிவோம். உங்கள் வட்டி 18 சதவீதமானால் தவணை 77,000 ரூபாவைத் தாண்டும். அப்போதும் வீட்டுச் செலவு நடக்குமா என்று இருவரும் இப்போதே கணக்குப் பாருங்கள். எத்தனை ஆண்டுகளுக்கு நிலையான வட்டி, முன்கூட்டியே கட்டி முடித்தால் கட்டணம் எவ்வளவு என்பவற்றை எழுத்தில் பெறுங்கள்.

கையிலுள்ள 25 இலட்சத்தையும் விலைக்கே ஒதுக்கிவிடாதீர்கள். முத்திரைத் தீர்வை முதல் ஓர் இலட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம் என்பதால், 75 இலட்சத்துக்கு 2,99,000 ரூபா ஆகின்றது. நொத்தாரிசு கட்டணமும் மதிப்பீட்டுக் கட்டணமும் வேறு.

பதில் 3 (மருதமுனை)

சகோதரர், கடற்கரைக்குக் கிட்ட என்று எழுதியிருக்கின்றீர்கள். சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம் ஆகும். வளவு அதற்குள் வந்தால், வீடு கட்டியபோது கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி பெறப்பட்டதா என்று கேளுங்கள். சுனாமிக்குப் பின்னர் கட்டிய அல்லது பெருப்பித்த வீடுகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வட்டியைத் தவிர்க்க விரும்பும் வாசகர்களுக்காக ஒரு குறிப்பு: இஸ்லாமிய வங்கிமுறையில் குறைந்து செல்லும் முஷாரகா என்ற ஏற்பாடு உண்டு. வங்கியும் நாமும் சேர்ந்து வீட்டை வாங்கி, வங்கியின் பங்குக்கு வாடகை செலுத்தியவாறே அந்தப் பங்கைச் சிறிது சிறிதாக வாங்கி முடிப்பதுதான் அது. ஆனால் காணிப் பத்திரங்களை அவர்களும் இதே கண்டிப்போடுதான் பார்ப்பார்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. உறுதியைப் பார்த்தேன், ஐயா சொன்ன சீவிய உரித்து வாசகம் அதில் இருக்கின்றது. வீடு மனைவியின் பெயரிலும் கடன் என் பெயரிலும் இருக்கலாமா?

பதில் 1

வீடு அவருடையதாயின் ஈட்டு உறுதியில் அவர்தான் ஒப்பமிட வேண்டும். ஆகவே பெரும்பாலும் இருவரையும் கூட்டுக் கடனாளிகளாகவே சேர்ப்பார்கள். இருவரின் வருமானமும் கணக்கில் வருவதால் அது உங்களுக்கும் நல்லது. ஒவ்வொருவரும் கடன்களை எப்படிக் கட்டினார் என்று பதிந்து வைக்கும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையும் இருவருக்கும் எடுக்கப்படும். உங்களில் யாராவது நண்பருக்குப் பிணை நின்றிருந்தால், அந்தக் கடன் ஒழுங்காகக் கட்டப்படுகின்றதா என்று விண்ணப்பிப்பதற்கு முன்னர் விசாரித்துக்கொள்ளுங்கள். தாயாரின் ஒப்பத்தைப் பற்றிக் கனடாவில் உள்ள மகளிடம் நேரடியாகப் பேசுங்கள். தரகர் வழியாகப் பேச வேண்டாம்.